குன்னூர் மலைப்பாதையில் முடுக்கம்: 4.4 விநாடி பெட்ரோல் செடானா, 5.7 விநாடி மின்சார செடானா?

கேள்வி: தேயிலைச்சரிவு (குன்னூர்)

அனைவருக்கும் வணக்கம்.

நான் குன்னூரில் வசிக்கிறேன். வேலை நிமித்தமாக வாரத்தில் இரண்டு நாட்கள் கோயம்புத்தூர் சென்று திரும்புகிறேன். பதினோரு ஆண்டுகளாக வைத்திருக்கும் 1.6 லிட்டர் பெட்ரோல் செடானைக் கொடுத்துவிட்டு, நல்ல இழுவையுள்ள ஒரு செடானை வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பல மாதங்கள் விசாரித்த பிறகு இரண்டு வண்டிகள் மட்டுமே மனத்தில் நிற்கின்றன. ஒன்று, சென்னையில் பொருத்தப்படும் பி.எம்.டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ். அதில் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 374 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றும் பலம்), நான்கு சக்கர இயக்கம் ஆகியவை உள்ளன. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடிகளில் தொடும் என்று நிறுவனம் கூறுகிறது. மற்றொன்று, அதே நிறுவனத்தின் மின்சார வண்டியான ஐ4 இ-டிரைவ்40. அதில் 340 குதிரைத்திறன், 430 நியூட்டன் மீட்டர், பின்சக்கர இயக்கம். 100 கிலோமீட்டரைத் தொட 5.7 விநாடிகள்.

தாளில் பார்த்தால் பெட்ரோல் வண்டி 1.3 விநாடி முந்துகிறது. இந்த வகை வண்டிகளில் அது சிறிய இடைவெளி அன்று. ஆனால் அவிநாசி சாலையில் இரண்டையும் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளியில் ஓட்டிப் பார்த்தபோது என் உடல் உணர்ந்தது இதற்கு நேர்மாறாக இருந்தது. பேருந்து ஒன்றின் பின்னால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்து, வழி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், மின்சார வண்டி கால் அசைந்த அதே கணத்தில் பாய்ந்தது. என் கழுத்து இருக்கையின் தலையணையில் போய்ப் பட்டது. பெட்ரோல் வண்டியில் அதே இடத்தில் அதே அளவு அழுத்தியபோது, முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கியர் இறங்கும் ஓசை கேட்டது. அதன் பிறகே பெரும் வேகத்தில் சீறியது. சீறத் தொடங்கிய பின் அதன் இழுவை மின்சார வண்டியைவிடக் குறைவாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் கேள்விகள் இரண்டு. 5.7 விநாடி வண்டி 4.4 விநாடி வண்டியைவிட வேகமாகத் தோன்றுவது வெறும் மன மயக்கமா, அல்லது அதற்கு இயந்திரவியல் காரணம் உண்டா? சமவெளியில் நான் கண்ட இந்த வேறுபாடு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது, உயரம் கூடக் கூட, எந்தப் பக்கம் சாயும்? பழைய வண்டி பர்லியாறைத் தாண்டியதும் சோர்ந்துபோவதைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இவ்வளவு பணம் செலவழித்த பிறகும் அந்தச் சோர்வே மிஞ்சுமானால் வருத்தப்படுவேன்.

விற்பனையகத்தில் இதைக் கேட்டேன். "இரண்டுமே பறக்கும் சார்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை.

பதில்: கியர்வாத்தியார் (வெலிங்டன்)

வணக்கம். முப்பது ஆண்டுகளாக ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தாங்கள் உணர்ந்தது மன மயக்கம் இல்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், 4.4 என்ற எண் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி, ஒரு காலால் பிரேக்கை முழுதாக அழுத்தியபடி மறு காலால் ஆக்சிலரேட்டரையும் முழுதாக அழுத்தும்போது, இன்ஜின் தன் சுற்றை உயர்த்திக்கொண்டு, டர்போவில் (வெளியேறும் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி அது) காற்றழுத்தத்தை முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொள்கிறது. பிரேக்கை விட்டதும், எல்லாம் தயாராக இருக்கும் நிலையில், முதல் கியரில், நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றியபடி வண்டி புறப்படுகிறது. 'லாஞ்ச் கன்ட்ரோல்' என்று இதற்குப் பெயர். காத்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. தாங்கள் அவிநாசி சாலையில் செய்ததோ வேறு. முப்பது கிலோமீட்டரில் ஊரும்போது எட்டு கியர் தானியங்கிப் பெட்டி, எரிபொருளை மிச்சப்படுத்த நான்காவதோ ஐந்தாவதோ கியரில் இருந்திருக்கும். இன்ஜின் சுற்றும் அடங்கியே இருந்திருக்கும். அங்கிருந்து கால் அழுத்தத்தைக் கணினி உணர்ந்து, கியரை இறக்கி, சுற்று நிமிடத்துக்கு 1,900-க்கு மேல் ஏறி, வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் சக்கரம் சுழன்று, அழுத்தம் நிரம்பிய பிறகுதான் அந்த 500 நியூட்டன் மீட்டர் கைக்குக் கிடைக்கும். 48 வோல்ட் துணை மோட்டார் ஒன்று இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது என்றாலும், முழுதாக மறைத்துவிடுவதில்லை. ஒவ்வொரு படியும் விநாடியில் ஒரு சிறு பின்னம்தான். எல்லாம் சேரும்போது உடல் அதை உணர்ந்துவிடுகிறது.

மின் மோட்டாரில் இந்தப் படிகள் எதுவும் இல்லை. சுற்று சுழியமாக இருக்கும்போதே அதன் முழு முறுக்குவிசையும் கிடைக்கும். நம் ஊர் மக்களுக்கு இதைப் புரியவைக்க நான் வகுப்பில் எப்போதும் மலை ரயிலைத்தான் காட்டுவேன். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி உயரும் பற்சக்கரப் பாதையில், நீராவி இன்ஜின் கிளட்சும் இல்லாமல் கியர் பெட்டியும் இல்லாமல் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையுடன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு புறப்படுகிறது. நீராவி உருளைக்குள் நுழைந்த கணமே பிஸ்டன் முழு பலத்துடன் தள்ளும். பெட்ரோல் இன்ஜினுக்கு அந்த வசதி இல்லை; அது ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால்தான் வேலை செய்யும். மின் மோட்டாரின் குணம் நீராவி இன்ஜினின் குணத்தைச் சேர்ந்தது.

ஆனால் அந்தக் குணத்துக்கு ஓர் எல்லை உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மோட்டாரின் சக்தி நிலைத்துவிட, சக்கரத்தில் கிடைக்கும் விசை வேகத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். ஒரே கியர் என்பதால் அதைச் சரிக்கட்டவும் வழியில்லை. போர்ஷே நிறுவனம் தன் டைகான் வண்டியின் பின் அச்சில் இரண்டு கியர் வைத்திருப்பது இதற்காகத்தான். தங்கள் பட்டியலில் உள்ள மின்சார வண்டியின் உச்ச வேகம் 190. பெட்ரோல் வண்டியினுடையது 250. நூறைத் தாண்டிய பின் பெட்ரோல் வண்டி விலகிச் செல்லும். நம் மலைப்பாதையில் அந்த வேகம் எங்கே வரப்போகிறது? குன்னூர் ஏற்றத்தில் நமக்கு வேண்டியது 15 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான இழுவை மட்டுமே.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். தங்கள் இரண்டாவது கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். குன்னூரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத தங்கள் பழைய 1.6 லிட்டர் இன்ஜின், ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த அளவு குறைந்த காற்றையே உள்ளிழுக்கும். சக்தியும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். மேலே குளிர்ச்சியாக இருப்பதால் காற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடி, இழந்ததில் சிறு பங்கு திரும்பக் கிடைக்கும். பர்லியாறுக்கு மேல் வண்டி சோர்வதன் காரணம் இதுதான். மெக்கானிக்கின் மீது குறையில்லை.

டர்போ இன்ஜின் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். உள்ளே அனுப்பும் காற்று சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப் போல இரு மடங்காக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கடல் மட்டத்தில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். குன்னூரில் இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். நல்ல டர்போ அதைச் செய்துவிடும் என்பதால் உச்ச சக்தி பெரிதாகக் குறையாது. ஆனால் டர்போ விழித்துக்கொள்வதற்கு முந்தைய அந்த இடைவெளியில், இன்ஜின் டர்போ இல்லாத இன்ஜினைப் போலத்தான் மெலிந்த காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மெலிந்த காற்றில் எரிந்து வரும் மெலிந்த புகை டர்போவைச் சுழற்றவும் கூடுதல் நேரம் எடுக்கும். ஆகவே உயரம் ஏற ஏற டர்போ பெட்ரோல் வண்டி பலத்தைப் பெரிதாக இழப்பதில்லை; தங்களுக்குப் பிடிக்காத அந்தக் காத்திருப்புதான் நீளும். மின்சார வண்டிக்குக் காற்றே தேவையில்லை என்பதால் கல்லாறிலும் தொட்டபெட்டாவிலும் அது ஒன்றுபோலவே இழுக்கும்.

மின்சார வண்டியை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. 8 விழுக்காடு ஏற்றத்தில் புவியீர்ப்பு ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகத்தில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் அளவைத் திருடிக்கொள்ளும். சராசரியாகக் கணக்கிட்டால், சமதளத்தில் 4.4 விநாடி எடுக்கும் வண்டிக்கு அங்கே 5 விநாடியும், 5.7 விநாடி வண்டிக்கு சுமார் 6.8 விநாடியும் ஆகும். அதாவது ஏற்றம், பின்தங்கிய வண்டியையே அதிகம் தண்டிக்கிறது. மழையும் அப்படித்தான். ஈரச் சாலையில் டயரின் பிடிமானம் பாதியாகக் குறைந்தால், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி கிடைக்கும் பிடிமானம் முழுவதையும் பயன்படுத்தும். பின்சக்கர இயக்கம் உள்ள வண்டி பின்பக்க எடைக்கு உரிய பங்கை மட்டுமே பயன்படுத்தும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குன்னூர்ப் பாதை எப்படி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த இரு மாதங்களில் எம்340ஐ வண்டிக்குத்தான் என் வாக்கு.

கடைசியாக ஒன்று. வெவ்வேறு நிறுவனங்கள் தரும் முடுக்க எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம். அமெரிக்காவில், வண்டி முதல் ஓர் அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்கும் வழக்கம் இருக்கிறது. அதனால் விநாடியில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போகும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் வண்டிக்குச் சொல்லப்படும் 1.99 விநாடி அந்த முறையில் அளந்தது. அதுவும் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96.6 கிலோமீட்டர் வரை மட்டுமே.

பதில்: உறைபனிக்காலை (உதகை)

தேயிலைச்சரிவு ஐயா, வணக்கம். முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார் கொண்ட மின்சார செடானை உதகையில் இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வாத்தியார் ஐயா ஏற்றத்தைப் பற்றி முழுமையாக எழுதிவிட்டார். நான் இறக்கத்தையும் குளிரையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் இந்த இரண்டையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மலையில் வாழும் நமக்கு ஒவ்வொரு பயணமும் இறக்கத்தில்தான் தொடங்குகிறது. சமவெளிக்காரர்கள் கீழிருந்து ஏறி வருகிறார்கள், வரும்போது பேட்டரி காலியாகிறது, திரும்பும்போது நிறைகிறது. நமக்கு வரிசை தலைகீழ். வண்டி வாங்கிய முதல் வாரம், இரவு முழுவதும் சார்ஜில் போட்டு நூறு விழுக்காடு நிரப்பிக்கொண்டு காலையில் கோவைக்குப் புறப்பட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானே வேகம் குறைந்து மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று பழக்கியிருந்தார்கள். அன்றும் அப்படியே காலைத் தூக்கினேன். வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டே போனது. நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது அல்லவா? பேட்டரியில் இடமில்லாததால், மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் அந்த ஏற்பாடு ('ரீஜென்' என்பார்கள்) வேலை செய்யவில்லை. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் தலையில் விழுந்தது. வெலிங்டன் வருவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும் வரை இருபது நிமிடம் காத்திருந்து போனேன். பயந்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

குளிரும் அதே வேலையைச் செய்யும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் காலைகளில், வெளியே நின்ற வண்டியின் பேட்டரி தன் முழு சக்தியைக் கொடுக்கவும் தயங்கும், திருப்பி வாங்கிக்கொள்ளவும் தயங்கும். லித்தியம் பேட்டரிகளுக்கெல்லாம் உள்ள இயல்பு இது. இரும்பு பாஸ்பேட் வகையில் கூடுதலாகத் தெரியும். திரையில் சக்தியைக் காட்டும் வில் இரு முனைகளிலும் சாம்பல் நிறத்தில் குறுகி நிற்பதைப் பார்க்கலாம். வண்டி ஓட ஓட, சில கிலோமீட்டரில் சாம்பல் நிறம் மெல்ல விலகும். விளம்பரத்தில் உள்ள முடுக்கம் அந்த முதல் சில கிலோமீட்டரில் கிடைக்காது. புறப்படுவதற்கு அரை மணி முன்பு, சார்ஜரில் செருகியிருக்கும்போதே பேட்டரியைச் சூடாக்கும் வசதி உள்ள வண்டி என்றால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும். வாங்குமுன் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். பெட்ரோல் வண்டியையும் குளிர்ந்த ஆயிலுடன் முதல் கிலோமீட்டரிலேயே விரட்டக் கூடாது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் சமம் என்றே நினைக்கிறேன்.

ஏற்றத்தில் என் வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பசுந்தேயிலை மூட்டைகளை ஏற்றிய லாரியின் பின்னால் வரும்போது, எதிரே சாலை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரே மூச்சில் கடந்து மீண்டும் இடப்பக்கம் சேர்ந்துவிட முடிகிறது. எதிர்ப்பக்கத் தடத்தில் நாம் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. மலையில் முடுக்கத்தின் பயன் இதுதான் என்பது என் கருத்து.

பதில்: பதினான்கு வளைவு (மேட்டுப்பாளையம்)

வணக்கம் ஐயா. இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்தப் பாதையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் பெட்ரோல், டீசல், மின்சாரம் என்று எல்லா வண்டியிலும் ஏறியிருக்கிறேன்.

பெட்ரோல் வண்டியின் காத்திருப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான்; ஆனால் ஓட்டுபவர் நினைத்தால் அதை இல்லாமல் செய்துவிடலாம். வளைவுக்குள் நுழையும் முன்பே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள, கியர் மாற்றும் துடுப்பை இழுத்து இரண்டாம் கியருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இன்ஜின் உயர்ந்த சுற்றில் விழித்துக்கொண்டிருக்கும். வளைவின் பாதியில் காலை மெல்லக் கொடுத்தால் டர்போவும் விழித்துவிடும். வெளியே வரும்போது முழு இழுவையும் தயாராக இருக்கும். அவிநாசி சாலையில் தானியங்கி நிலையிலேயே ஓட்டிவிட்டுப் பெட்ரோல் வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய அம்பாசடர் காலத்திலேயே, வளைவுக்கு முன் கியரை இறக்கு, வளைவுக்குள் இறக்காதே என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இறக்கத்தில் எடையைக் கவனியுங்கள். இந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையே ஏறக்குறைய முந்நூறு கிலோ வித்தியாசம் இருக்கும். வண்டியில் நான்கு பெரியவர்கள் எப்போதும் கூடுதலாக உட்கார்ந்திருப்பது போலத்தான் அது. ரீஜென் நன்றாக வேலை செய்யும்போது அந்த எடை தெரியாது. பிரேக்கைத் தொடாமலே கல்லாறு வரை இறங்கிவிடலாம், டிஸ்க்கும் சூடாகாது. அது வேலை செய்யாத நாளில், மேலே உதகை அம்மா எழுதியது போலாகும். கல்லாறு சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் சமவெளி வண்டிகள் முன்சக்கரத்திலிருந்து புகை கிளம்ப நிற்பதையும், பிரேக் கருகும் வாடையையும் நான் வாரந்தோறும் பார்க்கிறேன். பெட்ரோல் வண்டியில் இரண்டாம் கியர் இருக்கிறது. எந்தக் குளிரிலும் எந்த நாளிலும் அது கைவிடாது.

முந்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவ்வளவு இழுவை இருந்தாலும், வளைவில் முந்தக் கூடாது; குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்பது சட்டம். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு பக்கம் யானைகள் சாலைக்கு வந்துவிடும். மின்சார வண்டி ஓசையின்றி வளைவைச் சுற்றி வரும்போது யானைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தப் பகுதியில் மாலைக்கு மேல் முடுக்கத்தை மறந்துவிடுங்கள். நூறு வரை விரட்டிப் பார்க்க ஆசை இருந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை. அதற்கென்று நடக்கும் நாட்களில் போய்ச் செய்யுங்கள்.

மறுமொழி: தேயிலைச்சரிவு (குன்னூர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கள் பதில்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, விற்பனையகத்தாரிடம் கேட்டுக்கொண்டதன் பேரில், இரண்டு வண்டிகளையும் மேட்டுப்பாளையத்திலிருந்து காட்டேரி வரை ஓட்டிப் பார்த்தேன்.

ஓட்டுநர் ஐயா சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். துடுப்பை இழுத்து இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்தபோது, எம்340ஐ வேறொரு வண்டியாக மாறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அவிநாசி சாலையில் கண்ட தயக்கத்தின் நிழல்கூட இல்லை; ஆறு சிலிண்டர் இன்ஜினின் அந்த ஓசை பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. இதைப் பதிவு செய்யாவிட்டால் அந்த வண்டிக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். ஆனால் நான்காவது வளைவில் துடுப்பை இழுக்க மறந்தேன்; எதிரே வந்த பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனம் அங்கே போய்விட்டது. பழைய காத்திருப்பு உடனே திரும்பி வந்தது. மரப்பாலத்துக்கு மேலே அது கீழே இருந்ததைவிட நீண்டிருந்ததாகவும் உணர்ந்தேன். வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்த பிறகு அப்படித் தோன்றியதோ, உண்மையிலேயே அப்படித்தானோ என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

மின்சார வண்டியில் நான் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கல்லாறில் இழுத்தது போலவே காட்டேரியிலும் இழுத்தது. ஒரே ஒரு சங்கடம்: பின்னிருக்கையில் இருந்த என் தாயாருக்கு மூன்றாவது வளைவிலேயே தலை சுற்றத் தொடங்கிவிட்டது. காலை எடுத்தால் இழுத்துப் பிடிப்பதும், கொடுத்தால் பாய்வதுமாக நான் ஓட்டியதே காரணம். ரீஜென் அளவைக் குறைத்து, காலை வெடுக்கென்று எடுக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்தி ஓட்டிய பிறகு அவருக்குச் சரியானது. மடியில் வைத்திருந்த வர்க்கிப் பொட்டலம் அதன்பின் ஒருமுறைகூடச் சரியவில்லை என்று அவரே சொன்னார்.

வாரத்தில் இரண்டு முறை, களைத்திருக்கும் மாலைகளிலும் ஏறப்போகிற பாதை இது. ஒவ்வொரு வளைவிலும் கியரை நினைவில் வைத்திருப்பேன் என்று எனக்கு நானே உறுதி கொடுக்க முடியவில்லை. ஆகவே மனம் மின்சார வண்டியின் பக்கமே சாய்கிறது. மழைக்கால ஈரத்தைப் பற்றி வாத்தியார் ஐயா எழுதியது மட்டும் உறுத்திக்கொண்டிருக்கிறது. உதகை அம்மாவிடம் ஒரு கேள்வி: குன்னூரிலிருந்து இறங்கும் எனக்கு, காலையில் எத்தனை விழுக்காட்டுடன் புறப்பட்டால் ரீஜென் தடையின்றிக் கிடைக்கும்?

பதில்: கியர்வாத்தியார் (வெலிங்டன்)

ஈரத்தைப் பற்றி அதிகம் உறுத்திக்கொள்ள வேண்டாம். நான் எழுதியது முழு முடுக்கத்துக்கான கணக்கு. மழையில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. மின் மோட்டாரின் விசையைக் கணினி, இன்ஜினைவிட மிக விரைவாகக் குறைக்கவும் கூட்டவும் வல்லது என்பதால், சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் அதை அடக்குவது மின்சார வண்டியில் எளிது. டயரின் ஓடுவரிப் பள்ளம் தேய்வதற்கு முன் மாற்றிவிடுங்கள். கனமான, இழுவை மிகுந்த வண்டி டயரைச் சீக்கிரம் தின்னும். மழைக்காலம் தொடங்கும் முன், புரட்டாசியில் ஒருமுறை பள்ளத்தின் ஆழத்தை அளந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

பதில்: உறைபனிக்காலை (உதகை)

ஐயா, கணக்கு இப்படி. ஆட்களோடு சேர்த்து 2,200 கிலோ எடையை 1,525 மீட்டர் இறக்கினால், புவியீர்ப்பு கொடுக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட். டயர் உராய்வு, காற்று, மோட்டாரில் வீணாவது எல்லாம் போக, நான் பார்த்த வரையில் பேட்டரிக்குத் திரும்புவது அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுவதில்லை; ஆக ஏறத்தாழ 6 யூனிட். தங்கள் வண்டியின் பேட்டரி 80 யூனிட் கொள்ளக்கூடியது என்பதால் அது 8 விழுக்காடு. ஆனால் நூறை நெருங்கும்போதே பேட்டரி வாங்கிக்கொள்ளும் வேகம் குறையத் தொடங்கிவிடும். ஆகையால் சார்ஜ் 85-இல் நிற்கும்படி செயலியில் வைத்துவிடுங்கள். பனிக்காலத்தில் 80 போதும். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது 90-ஐ ஒட்டி இருக்கும். கோவை சென்று, வேலையை முடித்து, மாலையில் திரும்பி ஏற அது தாராளமாகப் போதும்.